நனைந்த காயிலும் கருகிய காயிலும்

மோட்டார் காயிலில் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தக் காயில் அத்தோடு போயிற்று, பழைய கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே வழி என்பது கொங்கு நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. பெரியநாயக்கன்பாளையத்திலும் அதை ஒட்டிய வீரபாண்டி, பிளிச்சி, கூடலூர் பக்கங்களிலும் ஐப்பசி கார்த்திகை மழையில் கிணற்று மோட்டார் மூழ்கினால், அதைக் கழற்றித் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "தண்ணி எறங்கிருச்சுங்க, காயில் போச்சுங்க." விவசாயி அதை மறுப்பதில்லை. காயில் கட்டும் கடைக்காரரும் வேறு பேச்சுப் பேசுவதில்லை. ஆனால் இந்தக் கருத்து தவறானது. நனைவது வேறு, கருகுவது வேறு. நனைந்த காயிலைக் காய வைத்துத் திரும்ப ஓட்டலாம். கருகியதை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால், பிழைத்திருக்க வேண்டிய எத்தனையோ காயில்கள் ஆண்டுதோறும் தாமிரக் கழிவாக எடைக்குப் போகின்றன.

அறியாமையால் வந்த கருத்து இது என்று சொல்லிவிட முடியாது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை உருவாக்கியது கோவையில்தான். நாட்டின் பம்புத் தேவையில் பெரும்பங்கை இந்த மாவட்டம் தருகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் பம்பு, வால்வு, நூற்பு இயந்திரத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் அதே ஊரில் பல தலைமுறை மாணவர்களுக்கு மோட்டாரைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுத் தந்திருக்கின்றன. மோட்டார் செய்யத் தெரிந்த ஊரில் இப்படி ஒரு கருத்து நிலைத்திருக்கிறதென்றால் அதற்குக் காரணம், அந்தக் கருத்து தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொள்வதுதான். எப்படி என்பதற்கு முதலில் காயிலுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிணற்று மேட்டில் உட்காரும், பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்த சாதாரண மோனோபிளாக் மோட்டாரின் காயில், எனாமல் பூசிய தாமிரக் கம்பியால் ஆனது. சுழலாத இரும்புப் பகுதியான ஸ்டேட்டரின் பள்ளங்களுக்குள் முதலில் காப்புத் தாள் இறங்கும். அதற்குள் கம்பிச் சுற்றுகள். வாய்ப் பகுதியில் மூங்கில் ஆப்போ ஃபைபர் ஆப்போ. எல்லாவற்றின் மேலும் வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் இறுக வைத்திருப்பார்கள். இந்த எனாமலைத் தண்ணீர் கரைப்பதில்லை. நல்ல வார்னிஷையும் ஓரிரு நாள் தண்ணீர் ஒன்றும் செய்துவிடாது. ஈரத்தைக் குடிப்பவை இரண்டு: பள்ளத்துக்குள் இருக்கும் தாள், காயில் முனைகளில் பல ஆண்டுகளாகப் படிந்த தூசியும் கிரீஸும் கலந்த அழுக்கு. இவை நனைந்ததும் தாமிரத்துக்கும் இரும்பு உடலுக்கும் இடையே மின்சாரம் கசிய ஒரு பாதை பிறக்கிறது. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் எப்போதும் சில இருக்கும். காய்ந்திருக்கும்போது அவற்றால் தொல்லை இல்லை. நனைந்தபின் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல்.

இதுவரை நடந்த எதுவும் மீளாத சேதம் அல்ல. ஈரம் போனால் பாதையும் போய்விடும். சேதம் தொடங்குவது சுவிட்சைப் போடும் நொடியில். மின்சாரம் அந்த ஈரப் பாதை வழியே பாயும்போது தண்ணீர் கொதித்து ஆவியாகிறது, பொறி பறக்கிறது, பொறி பட்ட இடத்தில் வார்னிஷும் தாளும் கரியாகின்றன. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் போட்ட தற்காலிகப் பாதை கரி போட்ட நிரந்தரப் பாதையாக மாற சில நொடிகள் போதும். அதற்குப்பின் எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பயன் இல்லை.

"ஓட்டுனா தானா காஞ்சிரும்" என்ற இன்னொரு நம்பிக்கைதான் இங்கே குற்றவாளி. மழை விட்ட மறுநாள் தண்ணீர் வடிந்ததும் மேலே துடைத்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்ப்பது பழக்கம். ஃபியூஸ் போகும். புதுக் கம்பி போட்டு மறுபடி அழுத்துவார்கள். மூன்றாவது முறை புகை வரும். அப்போது மோட்டார் கடைக்குப் போகிறது. திறந்தால் உள்ளே கருகியிருக்கிறது. தண்ணீர் இறங்கினால் காயில் போகும் என்ற கருத்து மறுபடி ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்டுவிடுகிறது. ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சாட்சியை உண்டாக்க, கட்டியே தீர வேண்டும் என்ற கருத்து அந்தச் சாட்சியைக் காட்டி நிலைக்கிறது. நனைந்தும் சுவிட்ச் போடாமல் கடைக்கு வந்த மோட்டாரையும் அதே கணக்கில் சேர்த்துக் கட்டிவிடுவதால், அது காய்ந்து ஓடியிருக்குமா என்பதைப் பார்க்கும் வாய்ப்பே யாருக்கும் கிடைப்பதில்லை.

தண்ணீரே காயிலுக்கு எமன் என்பதை மறுக்கப் பாடப் புத்தகம் தேவையில்லை. பெரியநாயக்கன்பாளையம் பக்கத் தோட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளே போதும். அவற்றில் இறங்கியிருக்கும் 6 அங்குல சப்மெர்சிபிள் மோட்டார்களில் பெரும்பாலானவை தண்ணீர் நிரப்பிய வகை. அவற்றின் காயில் வாழ்நாள் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடுகிறது. அந்தக் கம்பிக்கு எனாமலுக்குப் பதிலாகப் பிவிசி உறையோ, பாலியெஸ்டரும் பாலிபுரொப்பிலீனும் சுற்றிய உறையோ இருக்கும். அதற்கென்றே ஐ.எஸ். 8783 என்ற தரநிலையும், மோட்டாருக்கு ஐ.எஸ். 9283 என்ற தரநிலையும் இந்தியாவில் உண்டு. அங்கே தண்ணீர் மூன்று வேலை செய்கிறது: காயிலின் சூட்டை வாங்கி வெளிக்குழாய்க்குக் கடத்துகிறது, புஷ்களுக்கு எண்ணெய்க்குப் பதிலாக உராய்வைத் தடுக்கிறது, அடியில் பம்பின் முழு அழுத்தத்தையும் தாங்கும் திரஸ்ட் பேரிங்குக்கு மெல்லிய நீர்ப்படலம் கொடுக்கிறது. ஆகவே காயிலைக் காப்பது அது காய்ந்திருப்பதா, நனைந்திருப்பதா என்பது அல்ல. அதன் காப்புறை எந்தச் சூழலுக்குச் செய்யப்பட்டதோ அந்தச் சூழல் அதற்குக் கிடைப்பதுதான்.

இந்த வகை மோட்டாரில் ஆபத்து நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. உள்ளே தண்ணீர் குறைவதுதான் கேடு. இறக்குவதற்கு முன் மோட்டாரை நிமிர்த்தி வைத்து, நிரப்பும் துளையில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, குமிழி வருவது நிற்கும்வரை பொறுத்து, லேசாக ஆட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். இந்தப் பொறுமை பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. லாரியும் ஆட்களும் நிற்கிறார்கள், மின்சாரம் வரும் நேரம் நெருங்குகிறது. ஒரு குடம் ஊற்றித் திருகை மூடிவிடுகிறார்கள். உள்ளே தங்கிய காற்று மேலே சேர்ந்து, மேல் புஷ்ஷும் காயிலின் மேல்முனையும் தண்ணீர் இல்லாமல் ஓடுகின்றன. பிவிசி உறை சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். இளகிய உறை அமுங்கிக் கம்பி வெளியே தெரிந்தால் அந்த நிமிடமே எர்த். மோட்டாரை மேலே எடுத்துப் பார்க்கும்போது காயில் நனைந்திருக்கும். தண்ணீர் நிரப்பிய மோட்டார் வேறெப்படி இருக்கும்? ஆனாலும் தீர்ப்பு மாறுவதில்லை: தண்ணி எறங்கிருச்சு.

தண்ணீர் இறங்கியதா, இறங்கியதால் கெட்டதா என்பதைக் காப்பின் மின்தடையை அளக்கும் மெக்கர் சொல்லும். 500 வோல்ட் மெக்கரின் ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையை மோட்டார் உடலிலும் வைத்து ஒரு நிமிடம் கழித்துக் காட்டுவதைப் படிப்பதுதான் முறை. 415 வோல்ட் மோட்டாருக்கு 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் சுவிட்ச் போடக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். நல்ல நிலையில் உள்ள காய்ந்த காயில் அதைப்போல் பல மடங்கு காட்டும். இந்தக் கருவி பெரும்பாலான கடைகளில் இருக்கிறது. படிப்பதில்தான் தவறு நடக்கிறது. குறைந்த அளவு காட்டினால் காயில் செத்துவிட்டது என்று பொருளல்ல. அந்த நேரத்தில் அதில் மின்சாரம் ஏற்றக் கூடாது என்று மட்டுமே அது சொல்கிறது. பூஜ்யமே காட்டினாலும், மோட்டார் நனைந்தபின் யாரும் சுவிட்ச் போடவில்லையென்றால், அந்தப் பூஜ்யம் பெரும்பாலும் ஈரத்தின் பூஜ்யம்தான்.

சப்மெர்சிபிளில் இன்னொரு தவறான வாசிப்பு உண்டு. மேலே ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து மெக்கர் பார்த்தால் காயிலோடு நூற்றுக்கணக்கான அடி கேபிளும், மோட்டாருக்கு மேலே கேபிளை இணைத்த ஜாயிண்ட்டும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன. டேப்பைச் சரியாக இழுத்துச் சுற்றாத ஜாயிண்ட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். காயிலோ பழுதே இல்லாமல் இருக்கும். குழாய் குழாயாக மேலே எடுத்தபின் ஜாயிண்ட்டை வெட்டி, கேபிளைத் தனியாகவும் மோட்டாரைத் தனியாகவும் அளந்து பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதைச் செய்யாமல் காயிலைப் பிடுங்குவது, ஒரு பத்து ரூபாய் டேப் செய்த குற்றத்துக்குக் காயிலைத் தண்டிப்பது.

நனைந்த மோனோபிளாக்கைக் காய வைக்கும் முறை புதிதல்ல. ஆலை மின்பிரிவுகளில் நெடுங்காலமாகக் கையாளப்படுவது. மோட்டாரைப் பிரித்து, சுழலும் பகுதியான ரோட்டாரை வெளியே எடுக்க வேண்டும். சேற்றுத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ புகுந்திருந்தால், முதல் வேலை நல்ல தண்ணீரால் கழுவுவது. நனைந்த காயிலை மறுபடி நனைப்பதா என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். ஆனால் சேறும் உப்பும் உள்ளேயே காய்ந்தால் அடுத்த பனிக்காலத்தில் காற்றின் ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும், கசிவு திரும்பிவிடும். கழுவிய ஸ்டேட்டரைச் சாய்த்து வைத்து வடியவிட்டு, ஒரு நாள் நல்ல வெயிலிலோ ப்ளோயர் காற்றிலோ வைத்தபின் சூடு கொடுக்கத் தொடங்கலாம். காயில் கட்டும் கடையில் வார்னிஷ் இறுக்கும் அடுப்பு இருந்தால் அதில் 80 முதல் 90 டிகிரிவரை. அடுப்பு இல்லையென்றால், ஸ்டேட்டரின் நடுத் துளைக்குள் 100 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றிரண்டைக் கம்பியில் படாதபடி தொங்கவிட்டு, மேலே சாக்கைப் போர்த்தி, ஆவி வெளியேற ஒரு பக்கம் திறந்து வைப்பது கிராமத்து முறை, அதுவும் சரியானதே.

சூடு மெல்ல ஏற வேண்டும். எனாமல் 130 டிகிரியோ 155 டிகிரியோ தாங்கும் வகையாக இருக்கும். 90 டிகிரி அதற்கு ஒன்றுமில்லை. இங்கே வரம்பு போடுவது எனாமல் அல்ல, தண்ணீர். பள்ளத்தின் ஆழத்தில் சிக்கிய ஈரம் 100 டிகிரியைத் தொட்டால் ஆவியாகி வெளியேறும் வேகத்தில் தாளையும் வார்னிஷையும் உள்ளிருந்து கிழித்துவிடும். ஊதுகுழல் விளக்கையோ கேஸ் அடுப்பையோ காட்டிக் காய வைத்த மோட்டார்கள் பிறகு எரிந்ததைப் பார்த்துத்தான் "காய வெச்சாலும் நிக்காதுங்க" என்ற பேச்சு வந்தது. அந்த மோட்டார்களின் காயிலை உடைத்தது அவசரச் சூடு.

இனி, இந்தக் கருத்தை வளர்ப்பதில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரும்பங்கு வகித்த ஒரு காட்சி இருக்கிறது. காய வைக்கத் தொடங்கும்போது மெக்கர் 0.5 மெகாஓம் காட்டுகிறது என்று கொள்ளலாம். நான்கு மணி நேரம் சூட்டில் வைத்தபின் அளந்தால் 0.2 காட்டும். இன்னும் சில மணி கழித்தும் 0.2 தான். காயில் மேலும் மேலும் கெட்டுப்போகிறது என்று முடிவு கட்டிப் பிடுங்கிவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அது சரியாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. காப்புப் பொருளின் மின்தடை சூட்டில் குறையும்; ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். சூடேறிய ஈரம் பள்ளத்துக்குள்ளிருந்து கிளம்பிப் பரவுவதும் அந்தக் குறைவோடு சேர்கிறது. ஆகவே அளவு முதலில் இறங்கும், கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு ஏறத் தொடங்கும். ஏறத் தொடங்கியபின் வேகமாக ஏறும். அடுப்பை அணைத்து மோட்டார் ஆறியதும் இன்னும் பல மடங்கு உயரும். மணிக்கொருமுறை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால் இந்த வளைவு கண்முன் எழும். சிறிய மோட்டாருக்கு ஒரு நாள், பெரியதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். இறங்கும் பாதியில் பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்கு அது சாவாகத் தெரிகிறது.

ஏறிய அளவு நிலையாக நின்றபின், ஆறுவதற்கு முன்னரே மறுபடி வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் இறுக்க வேண்டும். பேரிங்குகளை மாற்றிவிடுவது நல்லது. தண்ணீர் உண்மையிலேயே கெடுத்தவை அவைதான். கிரீஸ் கழுவப்பட்டுக் குண்டுகளில் துரு ஏறிய பேரிங்கோடு பூட்டினால் சில வாரத்தில் அது இறுகி, ரோட்டார் ஸ்டேட்டரில் உரசி, நல்ல காயிலைச் சூட்டில் கொன்றுவிடும். அந்தப் பழியும் தண்ணீர் மேலேயே விழும்.

காயில் கட்டுபவர்களின் மறுப்பு ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. காய வைத்துக் கொடுத்த மோட்டார் ஒரு மாதத்தில் எரிந்தால் விவசாயி கடைக்காரரைத்தான் கேட்பார்; புதிதாகக் கட்டிக் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு நாள் மின்சாரமும் ஆளும் இடமும் செலவழித்துக் காய வைத்தால் அதற்குக் கூலி கொடுக்கும் வழக்கமும் இல்லை. குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று காயில் கட்டத்தான் விலை இருக்கிறது. வாழையும் பாக்கும் காய்ந்துகொண்டிருக்க, இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொன்னால் விவசாயியும் பொறுப்பதில்லை. இந்த மூன்றும் உண்மையே. ஆனால் இவை கூலியையும் காலத்தையும் பற்றிய வாதங்கள். காயில் செத்துவிட்டது என்பதற்கான சான்றுகள் அல்ல. பேரிங், வார்னிஷ், காய வைக்கும் கூலி எல்லாம் சேர்ந்தும் புதுத் தாமிரத்தின் விலையை எட்டாது. மெக்கர் அளவுகளைக் குறித்த தாளை மோட்டாரோடு கொடுத்தால் பொறுப்பு யாருடையது என்ற தகராறும் குறையும். அவசரத்தைப் பொறுத்தவரை, ஒழுங்காகக் காயில் கட்டி வார்னிஷ் இறுக்கவும் அதே அளவு நாள் பிடிக்கும். அரை நாளில் கட்டிக் கொடுத்த காயிலில் இறுகாத வார்னிஷ் இருக்கிறது என்றே பொருள்.

புதிதாகக் கட்டுவதில் கண்ணுக்குத் தெரியாத இழப்பும் இருக்கிறது. பழைய காயிலை வெளியே எடுக்க ஸ்டேட்டரைத் திறந்த வெளியில் தீ மூட்டி எரிப்பது பல இடங்களில் இன்னும் நடக்கிறது. ஸ்டேட்டர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே மெல்லிய காப்புப் பூச்சு. வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் அடுப்பில் சுமார் 370 டிகிரிக்குள் எரித்தால் அந்தப் பூச்சு பிழைக்கும். திறந்த தீயில் வெப்பத்துக்குக் கணக்கில்லை. பூச்சு போனால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடி, மோட்டார் சும்மா ஓடும்போதும் சூடாகும். சூடு 10 டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நல்ல முறையில் கட்டினால் திறன் குறையாது என்பது உண்மை. நான்கு முறை தீயில் எரிந்து நான்கு முறை கட்டிய மோட்டார் முதலில் வாங்கிய மோட்டார் அல்ல என்பதும் உண்மை. தேவையில்லாத ஒவ்வொரு கட்டும் அடுத்த எரிதலை அருகில் கொண்டுவருகிறது.

எரிந்த காயிலைக் கண்ணால் படித்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தப் படிப்பும் தண்ணீருக்கு ஆதரவாகவே சாட்சி சொல்கிறது. ஈரத்தால் போன காயிலில் பழுது ஓரிடத்தில் இருக்கும்: பள்ளத்தின் வாயில் ஒரு கரும்புள்ளி, உருகிய தாமிர முத்து ஒன்று, மற்ற சுற்றுகள் தேன் நிறத்தில் பளபளப்பாக இருக்கும். ஒரு ஃபேஸ் போன நிலையில் ஓடி எரிந்த காயிலில் கருப்பு ஒழுங்கான வரிசையில் வரும். ஸ்டார் இணைப்பென்றால் இரண்டு ஃபேஸின் சுற்றுகள் கருகி மூன்றாவது நல்ல நிறத்தில் நிற்கும்; டெல்டா என்றால் ஒரு ஃபேஸ் கருகி மற்ற இரண்டும் நிற்கும். அதிக பாரத்தால் எரிந்தால் மூன்றும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். மழைக்காலத்தில் எரிந்து "தண்ணி எறங்கிய" கணக்கில் எழுதப்படும் மோட்டார்களைத் திறந்து இந்தக் கண்ணோடு பார்த்தால், ஒழுங்கான வரிசையில் வரும் கருப்பு அடிக்கடி எதிர்ப்படும்.

அது வியப்பல்ல. மழைக்காலத்தில்தான் மரக்கிளை விழுந்து லைன் அறுந்து ஒரு ஃபேஸ் போகிறது. மூன்று ஃபேஸ் இல்லாத நேரத்திலும் கெப்பாசிட்டர் போட்டு இரண்டு ஃபேஸில் மோட்டாரை ஓட்டுவது இந்தப் பக்கத்தில் பல தோட்டங்களில் உள்ள பழக்கம். முழுப் பாரத்தில் ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போனால் மிச்சமுள்ள கம்பிகளில் மின்னோட்டம் ஏறக்குறைய 1.73 மடங்காகிறது, சூடு மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுவதால் மூன்று மடங்காகிறது. ஸ்டார்ட்டரின் ரிலே அப்போது மின்சாரத்தை அறுத்துவிட வேண்டும். அடிக்கடி அறுக்கிறதே என்று அதன் திருகை ஏற்றி வைத்திருப்பார்கள், அல்லது ஒரு துண்டு வயரால் அதைத் தாண்டிவிட்டிருப்பார்கள். காயிலைக் கொன்ற வயர் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அப்படியே இருக்க, புதுக் காயில் கட்டி வந்து அதே பெட்டியில் இணைக்கிறார்கள்.

பொதுக் கருத்து சரியாக அமையும் இடங்களும் உண்டு. நனைந்த நிலையில் ஓடிக் கரி பிடித்த காயிலைக் காய வைப்பது வீண். பல ஆண்டு சூட்டில் வார்னிஷ் நொறுங்கி, நகத்தால் தட்டினால் பொடியாகும் பழைய காயில் காய்ந்தாலும் நிலைக்காது; அதைக் கட்டிவிடுவதே மேல். பல வாரம் உப்புத் தண்ணீரில் கிடந்து பச்சை பூத்த தாமிரமும் அப்படியே. எண்ணெய் நிரப்பிய 4 அங்குல சப்மெர்சிபிள்களில் இருப்பது சாதாரண எனாமல் கம்பி. அங்கே சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்து எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அது கடுமையான பழுது. அப்போதும் எர்த் அடிக்காத நிலையில் எடுத்துவிட்டால் எண்ணெயை மாற்றிக் காய வைத்துக் காப்பாற்ற வழி உண்டு. பிவிசி கம்பி கட்டிய தண்ணீர் மோட்டாரை மட்டும் ஒருபோதும் அடுப்பில் வைக்கக் கூடாது. அதைக் காய வைக்க எந்தத் தேவையும் இல்லை. வைத்தால் உறை உருகிவிடும்.

தண்ணீர் வராமல் தடுப்பதைப் பற்றியும் தவறான எண்ணங்களே மிகுதி. மோனோபிளாக்கின் கிளாண்ட்டிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கண்டதும் நட்டை இறுக்குவது வழக்கம். கிளாண்ட் பேக்கிங் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். அந்தச் சொட்டுதான் பேக்கிங் கயிற்றையும் ஷாஃப்டையும் குளிர வைக்கிறது. முழுக்க நிறுத்தினால் கயிறு காய்ந்து ஷாஃப்டில் பள்ளம் அரைத்துவிடும். பள்ளம் விழுந்தபின் எவ்வளவு இறுக்கினாலும் பீய்ச்சி அடிக்கும். அது நேராக மோட்டாரின் முன்மூடிக்குள் போகும். சொட்டுகிற தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுப்பது வேறொரு உறுப்பு: ஷாஃப்டில் மாட்டிய சிறிய ரப்பர் வளையம். ஷாஃப்ட் வழியே ஊர்ந்து வரும் நீரை அது சுற்றும் வேகத்தில் வெளியே உதறிவிடும். மலிவான பொருள். ஆனால் பழுதுபார்க்கக் கழற்றிப் பூட்டும்போது அடிக்கடி காணாமல் போவது அதுதான். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பில் சொட்டே இருக்கக் கூடாது. சொட்டினால் சீலை மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே விதியால் பார்ப்பதால் ஒன்று அதிகமாக இறுக்கப்படுகிறது, மற்றொன்று கவனிக்கப்படாமல் விடப்படுகிறது.

மோட்டாரின் அடிமூடியில் சிறிய வடிதுளை ஒன்று இருக்கும். எலியும் குளவியும் புகும் என்று அதை எம்சீல் வைத்து அடைத்துவிடுவார்கள், அல்லது பெயின்ட் அடிக்கும்போது அது மூடிவிடும். ஓடி நின்ற மோட்டார் இரவில் ஆறும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். மார்கழிப் பனியில் அந்தக் காற்றோடு ஈரமும் உள்ளே போய் குளிர்ந்த இரும்பில் துளிகளாகப் படியும். வடிதுளை திறந்திருந்தால் அது சொட்டிப் போய்விடும். அடைத்திருந்தால் மழையே பெய்யாமல் மோட்டாருக்குள் தண்ணீர் தேங்கும். டெர்மினல் பாக்ஸின் ரப்பர் கேஸ்கெட்டும், வயர் நுழையும் துளையும் அடுத்த வழிகள். வயரை மேலிருந்து நேராக உள்ளே விடாமல், துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டார் மூழ்குவதற்கு அடிப்படைக் காரணம் அதை வைத்த இடம். காற்றழுத்தம் தண்ணீரை உறிஞ்சு குழாயில் தூக்கும் உயரம் கணக்குப்படி 10 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் பம்பு ஒழுங்காக இழுக்காது. கோடையில் கிணற்று நீர் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் அமைத்த மேடைக்கு இறக்குகிறார்கள். குருடிமலைச் சரிவில் ஒரு இரவு கனமழை பெய்தால் விடிவதற்குள் தண்ணீர் அந்த மேடைக்கு மேலே ஏறிவிடும். அப்படி நீர்மட்டம் பெரிதும் ஏறி இறங்கும் கிணற்றுக்கு மோனோபிளாக் பொருத்தமான பம்பே அல்ல; கிணற்றுக்குள் கிடைமட்டமாகக் கிடக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள்தான் அங்கே ஏற்றது. அதை வாங்க முடியாதவர்கள் புரட்டாசி முடிவதற்குள் மோட்டாரை மேல் மேடைக்கு ஏற்றிவிட வேண்டும். முந்திக்கொண்டு வெள்ளம் வந்துவிட்டால் முதல் வேலை மெயின் ஸ்விட்சை அணைத்து ஃபியூஸ் கட்டைகளைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போவது. தண்ணீர் வடிந்தபின் மெக்கர் வைத்து அளந்து பார்க்கும்வரை அவை வீட்டிலேயே இருக்க வேண்டும்.